"சார், எந்தப் பக்கம் பேசணும்?" - வகுப்புல நம்ம பிள்ளைங்க ஏன் சொந்தக் கருத்து சொல்றதில்ல?

சுண்ணக்கட்டி (இழை தொடங்கியவர்), செவ்வாய் இரவு 9.40

காரைக்குடிப் பக்கம் ஒரு உதவிபெறும் பள்ளியில ஒன்பதாம் வகுப்புக்கு சமூக அறிவியல் எடுக்கிறேன். எந்தப் பள்ளின்னு கேக்காதீங்க.

போன வாரம் பாடம் சீக்கிரமே முடிஞ்சிருச்சு. பெல் அடிக்க இன்னும் இருபது நிமிஷம் இருந்துச்சு. பள்ளிக்கு எதிர்த்தாப்ல ஒரு பெரிய வீட்டைப் பிரிச்சுக்கிட்டு இருக்காங்க. எங்க வகுப்பு ஜன்னல்ல இருந்து பாத்தா பர்மா தேக்குத் தூணைக் கயிறு கட்டி இறக்குறது நல்லாத் தெரியும். ரெண்டு நாளா பிள்ளைங்க கண்ணு போர்டுல இல்ல, அங்கதான். சரி, அதையே கேப்போம்னு நெனச்சேன். "இந்த மாதிரி பழைய வீட்டையெல்லாம் பிரிச்சு விக்கிறது சரியா? நீங்க என்ன நெனைக்கிறீங்க?"

நாப்பத்திரெண்டு பேர் இருக்காங்க. யாரோ ஜாமெட்ரி பாக்ஸை மூடுன சத்தம்தான் வந்துச்சு.

கொஞ்ச நேரம் கழிச்சு ஒரு பொண்ணு எழுந்திருச்சா. மாவட்டப் பேச்சுப் போட்டியில பரிசு வாங்குனவ. மேடையில ஏத்திவிட்டா மைக்கைக் கையில வாங்க நாமதான் கெஞ்சணும். கையைக் கட்டிக்கிட்டுக் கேட்டா: "சார், எந்தப் பக்கம் பேசணும்?"

கிண்டலா கேக்கல. நெசமாவே தயாரா நின்னா. "விக்கலாம்"னு சொல்லியிருந்தா அதுக்கு அஞ்சு நிமிஷம், "கூடாது"ன்னு சொல்லியிருந்தா இதுக்கு அஞ்சு நிமிஷம், மூச்சு விடாம பேசியிருப்பா. "உனக்கு எது சரின்னு படுதோ அதைச் சொல்லும்மா"ன்னேன். மேல பாத்தா, ஜன்னலைப் பாத்தா, "தெரியல சார்"னு உக்காந்துட்டா.

பங்குனி வந்தா கம்பன் விழாவுக்குத் திரள்ற ஊரு இது. பேச்சுன்னா உசுரு. அப்புறம் ஏன் இப்படி?

---

கடைசிபெஞ்சு, செவ்வாய் 9.52

அது புக் பேக் கேள்வியில இல்லையே சார்.

---

நாலு மார்க், செவ்வாய் 10.15

கடைசிபெஞ்சு சிரிப்புக்குச் சொன்னாலும் விஷயம் அதுதான். நான் தனியார் பள்ளியில கணக்கு. பத்தாம் வகுப்புக்கு டிசம்பருக்குள்ள போர்ஷன் முடிக்கணும், அப்புறம் ரிவிஷன், அப்புறம் ஸ்லிப் டெஸ்ட். இதுல கருத்துக்கு எங்க பீரியட் இருக்கு? அதைவிடக் கொடுமை, "உன் சொந்தக் கருத்தை எழுதுக"ன்னு புத்தகத்துல ஒரு கேள்வி வந்தாக்கூட கைடுல அதுக்கும் விடை போட்டிருக்கான். நாப்பது பிள்ளைக்கும் ஒரே சொந்தக் கருத்து, எழுத்துப் பிழை உள்பட.

---

தேவகோட்டை ரஸ்தா, புதன் காலை 6.20

ஓய்வுபெற்ற தமிழாசிரியன் எழுதுகிறேன். கம்பன் விழாவை இழுத்தீர்கள், அதனால் சொல்ல வேண்டியிருக்கிறது. 1939இல் சா. கணேசன் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கியபோது அது வெறும் பாராட்டுக் கூட்டமாக இருக்கவில்லை. ஒரு பாத்திரத்தைக் கூண்டில் ஏற்றி வழக்குப் பேசும் பழக்கம் இந்த மண்ணுக்கு அப்படித்தான் வந்தது. பிறகு குன்றக்குடி அடிகளார் அந்தப் பட்டிமண்டபத்தைப் புலவர் கூட்டத்திலிருந்து ஊர்ப் பொட்டலுக்கு இறக்கிக் கொண்டுவந்தார். (பட்டிமன்றம் என்று எழுதுகிறவர்களுக்கு: பட்டிமண்டபம் என்ற சொல் மணிமேகலையிலேயே இருக்கிறது. இதை நான் நாற்பது வருடமாகச் சொல்லி வருகிறேன், கேட்பாரில்லை.)

தனக்குப் பிடிக்காத பக்கத்தை எடுத்து வாதாடுவது சாதாரணப் பயிற்சி இல்லை. வாலி பக்கம் நின்று பேசியவனுக்குத்தான் இராமன் பக்கத்து வலியும் புரியும். திறந்த மனம் என்பது வேறென்ன? அந்தப் பெண் இரண்டு பக்கமும் பேசத் தயாராக நின்றாள். நீங்கள் அதைக் குறையாகப் பார்க்கிறீர்கள்.

---

சுண்ணக்கட்டி, புதன் 7.05

ஐயா, குறையா சொல்லல. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. மேடையில யார் எந்த அணின்னு முன்னாடியே எழுதிக் குடுத்துடறாங்க. தீர்ப்பு நடுவர் கையில. பேசுறவங்களுக்கு நடுவுல மிச்சம் இருக்கிறது வாதத் திறமை மட்டும்தான். இத்தனை வருஷத்துல எந்தப் பட்டிமண்டபத்துலயாவது ஒருத்தர் எழுந்து, "எதிரணி சொன்னதைக் கேட்டேன், என் எண்ணம் மாறிருச்சு"ன்னு சொல்லிப் பாத்திருக்கீங்களா? சொன்னா விழாக் குழு அடுத்த வருஷம் கூப்பிடுமா?

---

கடைசிபெஞ்சு, புதன் 7.11

சால்வையைத் திருப்பி வாங்கிருவாங்க.

---

முகப்புத் திண்ணை, புதன் 1.30

பள்ளத்தூர்ல படிச்சவ, இப்ப சென்னையில வேலை. மதியச் சாப்பாட்டு நேரத்துல எழுதுறேன், நீளமாப் போனா மன்னிச்சுக்கோங்க.

எட்டாம் வகுப்பு. தமிழ்ப் பீரியட். கண்ணகி மதுரையை எரிச்சதைப் பத்திப் பாடம். டீச்சர், "அவள் செய்தது சரிதானே?"ன்னு கேட்டாங்க. எல்லாரும் "ஆமா டீச்சர்". நான் கையைத் தூக்கி, "தப்பு பண்ணுனது ராஜாதான டீச்சர், ஊர்ல இருந்த மத்தவங்க வீடெல்லாம் ஏன் எரியணும், பாவம்ல?"ன்னு கேட்டேன். வேற எதுவும் மனசுல வெச்சுக் கேக்கல. எங்க தெருவுல அந்த வாரம்தான் ஒரு கூரை வீடு எரிஞ்சிருந்துச்சு, அதை நேர்ல பாத்திருந்தேன்.

டீச்சர் இடுப்புல கையை வெச்சுக்கிட்டு, "வந்துட்டாங்கய்யா பாண்டியனுக்கு வக்கீலு"ன்னாங்க. வகுப்பே சிரிச்சுது. டீச்சரும் சிரிச்சாங்க. கெட்டவங்க இல்ல, எங்க அம்மாவுக்குத் தெரிஞ்சவங்கதான், நல்லாப் பாடம் நடத்துவாங்க. ஆனா பத்தாவது முடியிற வரைக்கும் எனக்கு "வக்கீலு"தான் பேரு. தண்ணிக் குழாய்க்கிட்ட, சைக்கிள் ஸ்டாண்டுல, எங்க போனாலும்.

அதுக்கப்புறம் நான் வகுப்புல கை தூக்கினது பாத்ரூம் போறதுக்கு மட்டும்தான். இன்னைக்கும் ஆபீஸ் மீட்டிங்ல வாயைத் திறக்க மாட்டேன், சாட்ல டைப் பண்ணுவேன். டைப் பண்ணி, ரெண்டு தடவை படிச்சு, பாதி நேரம் அழிச்சிருவேன்.

உங்க பொண்ணு "எந்தப் பக்கம்?"னு கேட்டது ஏன்னு எனக்கு நல்லாப் புரியுது சார். பக்கத்தை நீங்க குடுத்துட்டா, தப்பாப் போனா அது உங்க பக்கம். அவளோடது இல்ல.

---

சுண்ணக்கட்டி, புதன் 4.45

கடைசி மூணு வரியை ரெண்டு தடவை படிச்சேன். எனக்கு இது தோணவே இல்ல.

---

நாலு மார்க், புதன் 5.20

கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17. பிரம்பை மட்டும் இல்ல, மனசளவுல துன்புறுத்துறதையும் தடை பண்ணுது. பிரம்பை எல்லாரும் கீழ போட்டாச்சு. இந்த "வக்கீலு" மாதிரி ஒரு வார்த்தையை யாரும் கணக்குலயே எடுக்கிறதில்ல. நானும் சொல்லியிருப்பேன். ஏன், நேத்துகூட ஒருத்தனை "ராமானுஜம் பேரன்"னு கூப்பிட்டேன்.

---

ஆயா வீடு, புதன் இரவு 8.50

வாத்தியார் மேலயே எல்லாப் பழியும் போடாதீக. வீட்டுல என்ன நடக்குது? நான் கோட்டையூர். போன மாசம் ஒரு விசேஷத்துக்கு எல்லாரும் கூடியிருந்தோம். வளவுல பந்தி முடிஞ்சு பெரியவுகள்லாம் உக்காந்து, வீட்டுக்கு வெள்ளை அடிக்கிறதுல எந்தப் புள்ளிக்கு, அதாவது எந்தக் குடும்பத்துக்கு, எவ்வளவு பங்குன்னு பேசிக்கிட்டு இருந்தாக. என் மகன், ஆறாப்பு, நடுவுல போயி, "பெரியப்பச்சி, வருசத்துல ரெண்டு நாளு தொறக்குற வீட்டுக்கு ஏன் இத்தனை செலவு?"ன்னு கேட்டுட்டான்.

ரெண்டு பேரு சிரிச்சாக. பெரியப்பச்சி சிரிக்கல. நான் என்ன பண்ணுனேன் தெரியுமா? அவன் தொடையில கிள்ளுனேன். நறுக்குனு. அப்புறம் வெள்ளைப் பணியாரம் ஒண்ணைக் கையில குடுத்து ரெண்டாம் கட்டுக்கு அனுப்பிட்டேன்.

ராத்திரி படுக்கையில கேக்குறான், "நான் கேட்டது தப்பாம்மா?" தப்பில்லடா, எடம்தான் தப்புன்னேன். "அப்ப எந்த எடத்துல கேக்கணும்?" அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. மகளா இருந்தா கிள்ளு இன்னும் ரெண்டு சேத்து விழுந்திருக்கும், அதையும் சொல்லிர்றேன்.

---

புதுவயல் மூட்டை, புதன் 11.10

எல்லாரும் பேசுறதைப் படிச்சேன். ஒண்ணு மட்டும் யாரும் கேக்கல. சுண்ணக்கட்டி சார், எதிர்த்த வீட்டைப் பிரிக்கிறாகளே, அந்த ஆளுகள்ல ஒருத்தரோட பிள்ளை உங்க வகுப்புல இருக்கானான்னு பாத்தீகளா?

எங்கப்பா அந்த வேலைதான் பாத்தாக. வீடு பிரிக்கிறது. தூணு, நிலை, உத்திரம், கண்ணாடி, ஒண்ணொண்ணா இறக்கி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்கு ஏத்தி விடுறது. உத்திரம் இறக்குற நாளு அம்மா காலையிலயே சாமி கும்பிட்டுத்தான் அனுப்பும். அந்தக் கூலியிலதான் நான் படிச்சேன். இப்ப அரிசி மில்லுல கணக்கு எழுதுறேன்.

என்கிட்ட ஒரு வாத்தியார் "பழைய வீட்டைப் பிரிக்கலாமா"ன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்? கூடாதுன்னா அப்பா கூலிக்கு நானே ஒலை வெக்கிறேன். பிரிக்கலாம்னா முன் பெஞ்சுல அந்த வீட்டுக்காரவுக பிள்ளை திரும்பிப் பாக்கும், "எங்க வீட்டைப் பத்திப் பேச நீ யாரு?" வாயால கேக்காது, பாக்கும். போதும்.

நீங்க கருத்து இல்லைங்கிறீக. கருத்து இருக்கு சார். அதை வெளிய எடுத்தா யாருக்கு எவ்வளவு செலவுன்னு எங்களுக்குச் சின்ன வயசுலயே கணக்குத் தெரியும். ஒரே கேள்விதான், ஆனா பெஞ்சுக்குப் பெஞ்சு விலை வேற.

---

சுண்ணக்கட்டி, வியாழன் காலை 6.50

ரெண்டு பேர் இருக்காங்க. நேத்து ராத்திரி நீங்க எழுதுனதைப் பாத்துட்டு வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன். ஒருத்தன் அப்பா அதே வீட்டுலதான் வேலை பாக்குறாரு. ஒருத்தி தாத்தா பக்கத்துத் தெருவுல பூட்டிக் கெடக்குற வீட்டுக்குக் காவல். ஜன்னல்ல தெரியிற தூணை இறக்குனது அவன் அப்பாவா இருக்கலாம். அதைக் காட்டி நான் கேள்வி கேட்டிருக்கேன்.

---

கருப்புக் கவுனி, வியாழன் 10.30

எம்.எட். படிக்கிறேன். பாடத்துல வர்றதுல ரெண்டு மூணு இங்க உதவும்னு தோணுது. அறிவுரையா எடுத்துக்காதீங்க.

மேரி பட் ரோன்னு ஒரு அமெரிக்க ஆய்வாளர், 1970கள்ல வகுப்புகளை டேப்புல பதிவு பண்ணிக் கேட்டாங்க. ஆசிரியர் கேள்வி கேட்டுட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறது சராசரியா ஒரு வினாடிதான். அதுக்குள்ள வேற ஆளைக் கூப்பிடுறோம், இல்ல நாமளே பதில் சொல்லிடறோம். அதை மூணு வினாடிக்கு மேல நீட்டிப் பாத்தாங்க. பதில் நீளமாச்சு, பேசாத பிள்ளைங்க தானா எழுந்தாங்க, "பதில் தெரியல" குறைஞ்சுது. ஒரு பிள்ளை பேசி முடிச்ச பிறகும் மூணு வினாடி விடணுமாம். அங்கதான் "ஆனா..."ன்னு அடுத்த வாக்கியம் வரும்.

இன்னொண்ணு சாலமன் ஆஷ்ங்கிற உளவியலாளர். 1950கள்ல பண்ணுன சோதனை. எந்தக் கோடு நீளம்னு கேப்பாங்க, விடை கண்ணுக்கே தெரியும். ஆனா கூட உக்காந்திருக்கிற ஆளுங்க, சொல்லி வெச்ச மாதிரி, தப்பாச் சொல்லுவாங்க. நாலுல மூணு பேர் ஒரு தடவையாவது கூட்டத்தோட சேந்து தப்புப் பதில் சொன்னாங்க. கூட்டத்துல ஒரே ஒருத்தர் சரியாச் சொல்லிட்டா போதும், அந்தப் பயம் பெருமளவு போயிருச்சு. அதனாலதான் முதல்ல பக்கத்து ஆளோட ரெண்டு நிமிஷம் பேசவிட்டு, அப்புறம் வகுப்புல கேக்கச் சொல்றாங்க. ஃபிராங்க் லைமன்னு ஒரு அமெரிக்கக் கல்வியாளர் 1981ல எழுதுன முறை. தனியா யோசி, ஜோடியாப் பேசு, எல்லாருக்கும் சொல்லு. எழுந்து நிக்கிறப்ப ஒரு ஆளாவது ஏற்கெனவே நம்ம கருத்தைக் கேட்டிருக்கும்.

---

கடைசிபெஞ்சு, வியாழன் 10.41

மூணு வினாடி சும்மா விட்டா எங்க பெஞ்சுல டிபன் பாக்ஸ் திறந்து ஆளுக்கொரு இட்லி போயிருக்கும்.

---

தேவகோட்டை ரஸ்தா, வியாழன் 11.15

1981 வரை எதற்குப் போகிறீர்கள்? நன்னூல் பொதுப்பாயிரத்தில் பவணந்தி முனிவர் கணக்கே போட்டுக் கொடுத்திருக்கிறார். ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது கால் பங்கு. உடன் பயில்வோரோடு பழகிக் கற்பதில் இன்னொரு கால். மீதி அரை, தான் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போது. நாற்பது வருடம் இதை மனப்பாடமாக நடத்தியிருக்கிறேன்.

புதுவயல் தம்பி எழுதியதைப் படித்தபின் ஒன்று சொல்ல வேண்டும். மனப்பாடமாகத்தான் நடத்தினேன். அந்தக் கால் பங்குக்கு நான் ஒரு நாளும் வகுப்பில் நேரம் கொடுத்ததில்லை. பேசினால் "சந்தைக்கடையா இது?" என்று மேசையைத் தட்டியிருக்கிறேன்.

---

முகப்புத் திண்ணை, வியாழன் 1.10

ஐயா, நீங்க இதை இங்க எழுதுனதே பெரிசு.

---

சுண்ணக்கட்டி, அடுத்த புதன் இரவு 9.15

செஞ்சு பாத்தேன். முழுசாச் சொல்றேன், சொதப்புனதையும் சேத்து.

முதல்ல கேள்வியை மாத்தினேன். "பிரிக்கலாமா கூடாதா"ன்னா மறுபடியும் ரெண்டு அணிதான். "பூட்டிக் கெடக்குற வீட்டை என்னதான் செய்யலாம்?"னு கேட்டேன். ஜோடியாப் பேச மூணு நிமிஷம். சத்தம் கூடிப்போய் எச்.எம். எட்டிப் பாத்துட்டுப் போனாரு. அப்புறம் ஆளுக்கொரு துண்டுச் சீட்டு, பேர் எழுத வேண்டாம். சத்துணவு அக்காகிட்ட ஒரு தூக்குவாளி வாங்கி அதுல போடச் சொன்னேன். உடனே ஒருத்தன், "சார், எங்க கையெழுத்துதான் உங்களுக்குத் தெரியுமே"ன்னான். நியாயந்தான். எல்லாரும் இடது கையில எழுதுங்கன்னேன். அதுலயே பாதி இறுக்கம் போயிருச்சு, ஒருத்தர் சீட்டை ஒருத்தர் பாத்துச் சிரிப்பு.

படிச்சதுல சிலது:

"யாருமே இல்லாத வீட்டுக்கு அம்பது ஜன்னல். எங்க வீட்டுல அஞ்சு பேருக்கு ஒண்ணு."

"வீடு பிரிச்சா அப்பாவுக்கு வேலை. ஆனா தூணை இறக்குனா அன்னைக்கு அப்பா சரியாச் சாப்பிடாது."

"எல்லாப் பங்காளியும் கையெழுத்துப் போட்டாத்தான் எதுவும் செய்ய முடியும். எங்க வீட்டுல ஒருத்தர் மலேசியா, ஒருத்தர் போனையே எடுக்க மாட்டார்."

"நீங்க சொல்றதுதான் சார் என் கருத்தும்." நான் எதுவுமே சொல்லல!

ஒரு சீட்டை மட்டும் படிக்கல. ஒரு பையன் குடும்பத்தைப் பத்தி, எழுதக்கூடாதது. சட்டைப் பையில வெச்சுக்கிட்டேன். இன்னும் பையிலதான் இருக்கு. பேரில்லாம எழுதச் சொன்னா இதுவும் வரும்னு முன்னாடியே யோசிச்சிருக்கணும்.

---

புதுவயல் மூட்டை, புதன் 9.40

வரும் சார். பேரில்லாத எடத்துல முதல்ல அதுதான் வரும். கிழிச்சுப் போட்டுட்டு ஒண்ணுமே நடக்காத மாதிரி இருந்துராதீக. யாருன்னு தேடவும் வேணாம். அடுத்த தடவை வீட்டைப் பத்திப் பேசலாம், வீட்டுக்காரவுகளைப் பத்திப் பேசக்கூடாதுன்னு முன்னாடியே சொல்லிருங்க.

ரெண்டாவது சீட்டு யாருன்னு எனக்குத் தெரியாது. ஆனா எங்கப்பாவும் சாப்பிடாது.

---

ஆயா வீடு, புதன் 9.58

அந்தப் பேச்சுப் போட்டிப் பொண்ணு என்ன ஆச்சு? அதைச் சொல்லாம விட்டுட்டீகளே.

---

சுண்ணக்கட்டி, புதன் 10.20

ஆச்சி, அதுக்குத்தான் வர்றேன். சீட்டெல்லாம் படிச்ச பிறகு, யாராவது எழுந்து பேசணும்னா பேசலாம்னேன். மனசுக்குள்ள எண்ணினேன். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு ஏழு வரைக்கும் போச்சு. நாப்பத்திரெண்டு பேர் நம்மளையே பாக்குறப்ப ஏழு வினாடி சும்மா நிக்கிறது சாதாரணம் இல்ல, நின்னு பாருங்க.

அவ எழுந்தா. கையைக் கட்டல. "வீட்டை அப்படியே வெக்கணும்"னு ஆரம்பிச்சா, வழக்கமான மேடைக் குரல்ல. ரெண்டு வாக்கியம் போனதும் நின்னுட்டா. "சார், அந்த அம்பது ஜன்னல் சீட்டைக் கேட்டதுல இருந்து எனக்கு வேற மாதிரி தோணுது. பாதியில மாத்திக்கலாமா?"ன்னா. மாத்திக்கோன்னேன். அதுக்கப்புறம் பேசுனது ரொம்பத் திக்கித் திக்கி. போட்டியா இருந்தா ஆறுதல் பரிசுகூடக் கெடைக்காது.

அதோட முடிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். மூணாவது பெஞ்சுல ஒரு பையன், இதுவரைக்கும் "உள்ளேன் ஐயா" தவிர அவன் குரலை நான் கேட்டதில்ல, எழுந்து, "சார், நீங்க என்ன நெனைக்கிறீங்க?"ன்னு கேட்டான்.

இந்தத் தடவை ஏழு வினாடிக்கு மேலயே ஆச்சு. எனக்கு.

எங்க ஐயா கட்டுன வீட்டுல எங்க பங்குக்கு வந்த நிலைக்கதவை வித்த காசுலதான் நான் பி.எட். படிச்சேன்னு சொன்னேன். பெல் அடிச்சிருச்சு. யாரும் எந்திரிக்கல.

---

முகப்புத் திண்ணை, புதன் 10.31

சார்...

---

கடைசிபெஞ்சு, புதன் 10.33

நிலைக்கதவு என்ன விலைக்குப் போச்சு சார்? எங்க வீட்டுலயும் ஒண்ணு சும்மாதான் நிக்குது.

---

சுண்ணக்கட்டி, புதன் 10.40

அதை இங்க சொன்னா எங்க அப்பத்தாவுக்குத் தெரிஞ்சிரும். அவுகளுக்கு இன்னும் கதவு பாலிஷ் போடப் போயிருக்குன்னுதான் சொல்லி வெச்சிருக்கோம்.